அப்பாவின் போனுக்குப் போகும் எஸ்.எம்.எஸ்.

மும்பை தேவ்நாரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 22 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். சினைப்பையில் கட்டி, லேப்ராஸ்கோப்பி செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். செம்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். கவுன்ட்டரில் இன்சூரன்ஸ் கார்டை நீட்டுகிறாள். பாலிசி அப்பா பெயரில். சற்று நேரத்தில் மதுரையில் அப்பாவின் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. இன்னார் பெயரில், இன்ன ஆஸ்பத்திரியிலிருந்து, இவ்வளவு ரூபாய்க்கு கேஷ்லெஸ் கேட்டிருக்கிறார்கள். இரவுக்குள் இன்னும் ஒன்றிரண்டு வருகின்றன. கூடவே மெயிலில் ஒரு கடிதம், நோயின் பெயரோடு.

கட்டி என்றால் பரவாயில்லை. அப்பா பதறியடித்துக்கொண்டு ரயில் ஏறுவார், அவ்வளவுதான். அதுவே பால்வினைத் தொற்றாக இருந்தால்? பாதியில் கலைந்த கருவாக இருந்தால்? மகள்மேல் கை நீட்டுகிற வீடாக இருந்தால்?

இந்தக் கேள்விகளை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு 'கைனக்' தேவைப்படுவதே கல்யாணத்துக்குப் பிறகுதான் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வெள்ளைப்படுதல், மாதக்கணக்கில் தள்ளிப்போகும் விலக்கு, நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, 9 வயதிலிருந்தே போடக்கூடிய எச்.பி.வி. தடுப்பூசி. இவை எதுவும் கல்யாணத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால், கல்யாணமாகாத பெண் ஒருத்தி மகப்பேறு மருத்துவரின் போர்டு மாட்டிய படியேறினால், படியிறங்குவதற்குள் தெருவுக்கே சேதி போய்விடும். 1976-ல் எமர்ஜென்சியின்போது ஜனதா காலனியைக் காலிசெய்து மக்களைக் கொண்டுபோய் இறக்கிய சீட்டா கேம்ப்பில், தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் அந்தச் சந்துகளில், ஒரு பெண் எந்த க்ளினிக்குக்குப் போனாள் என்பதை மறைப்பது லேசான காரியமா?

டாக்டரிடம் சொன்னது டாக்டரோடு நிற்க வேண்டும். இதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி பற்றித் தொழில்முறையில் அறிந்த ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோயாக இருந்தால் மட்டும் விலக்கு. 18 வயது நிரம்பிய மகளின் அப்பா, அப்பா என்பதாலேயே இந்த விலக்குக்குள் வந்துவிட மாட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆக, டாக்டரின் வாய்க்குப் பூட்டு இருக்கிறது. ரகசியம் ஒழுகுவது இன்சூரன்ஸ் காகிதத்தின் வழியாக.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்கும் கேள்வி

தேவ்நார் என்றதும் மும்பைக்காரர்களுக்குக் குப்பைமேடும் கசாப்புக்கூடமும் நினைவுக்கு வரும். ஆனால், இந்திய வீடுகளின் நலவாழ்வைக் கணக்கெடுக்கும் அறிவுக்கூடமும் இங்கேதான், கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிறது. சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1992-93-ல் தொடங்கிய தேசியக் குடும்பநல ஆய்வுகளை ஒவ்வொரு சுற்றிலும் முன்னின்று நடத்துவது இவர்கள்தான். 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் மட்டும் 7,24,115 பெண்களிடம் பேசியிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. குடும்ப வன்முறை பற்றிய பகுதிக்கு ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவள் தனியாக இருந்தால்தான் கேட்பார்கள். மாமியாரோ கணவரோ எட்டிப்பார்த்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். தனிமை கிடைக்கவே இல்லையென்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். புள்ளிவிவரம் போனாலும் பரவாயில்லை, அந்தப் பெண் சொன்னது அதே வீட்டில் இன்னொருவர் காதில் விழக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அவ்வளவு அக்கறையை நம் அமைப்புகளால் காட்ட முடியும். அதே பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துச் சொன்னதை மட்டும் பாலிசிதாரரின் மெயிலுக்கு அனுப்பிவைக்கிறோம்.

ரகசியம் இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் இதே நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் குட்மேக்கர் நிறுவனம் உள்ளிட்டோருடன் சேர்ந்து இவர்கள் செய்த ஆய்வின்படி, 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம். அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. எல்லாமே ரகசியத்துக்காக என்று சொல்ல மாட்டேன். பணம், தூரம், டாக்டர் பஞ்சம் எல்லாம் இருக்கிறது. மாத்திரையும், சரியான வாரத்தில் சரியான அளவில் எடுத்தால், பெரும்பாலும் பாதுகாப்பானதுதான். ஆனால் எத்தனை வாரம் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லாமல், ரத்தம் நிற்காவிட்டால் யாரிடம் போவது என்று தெரியாமல், பாத்ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

எங்கே ஒழுகுகிறது?

முதலில் ஒரு நல்ல சேதி. சாதாரணமாக டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. நம் ஊரின் பெரும்பாலான குடும்ப பாலிசிகள் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்கினால்தான், அல்லது பட்டியலில் உள்ள 'டே கேர்' சிகிச்சையாக இருந்தால்தான் பணம் தரும். ஓ.பி. ஃபீஸ், மாத்திரை, சோனோகிராஃபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் கைக்காசு. கைக்காசுக்கு க்ளெய்ம் கிடையாது. க்ளெய்ம் இல்லையென்றால் எஸ்.எம்.எஸ். இல்லை.

விலக்குகள் உண்டு. அப்பாவின் கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசியில் ஓ.பி. வசதியும் சேர்ந்திருந்தால், மகள் பதிவேற்றும் ஒவ்வொரு பில்லும் அப்பாவின் லாகினில் தெரியும். இ.எஸ்.ஐ., மத்திய அரசு ஊழியர் திட்டம், செம்பூர் - டிராம்பே வட்டாரத்தில் பல குடும்பங்கள் நம்பியிருக்கும் பொதுத்துறை நிறுவனங்களின் மருத்துவ வசதி ஆகியவற்றில் கதை வேறு. அங்கே ஓ.பி.யும் அப்பாவின் கணக்கோடு சேர்ந்தே பதிவாகும். டிஸ்பென்சரி வரிசையில் முன்னால் நிற்பவர் அப்பாவின் சீனியராக இருப்பார். அங்கே போய் கர்ப்பத்தடை மாத்திரை பற்றிக் கேட்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

அட்மிட் ஆகிவிட்டால் காகிதம் பேச ஆரம்பிக்கும். கேஷ்லெஸ் அனுமதிக்கு ஆஸ்பத்திரி அனுப்பும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் தன்மை, எப்போதிலிருந்து, உத்தேச நோய் என்ன, அதற்கான குறியீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. பழைய நோய்கள் என்ற கட்டங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் தாண்டிக் கீழே வந்தால் மது அல்லது போதைப் பழக்கம் என்று ஒரு கட்டம், எச்.ஐ.வி. அல்லது பால்வினை நோய் என்று ஒரு கட்டம். பிரசவ கேஸ் என்றால் ஜி, பி, எல், ஏ என்று நான்கு எழுத்துகள். எத்தனை முறை கருவுற்றாள், எத்தனை பிரசவம், உயிரோடிருக்கும் குழந்தைகள் எத்தனை, எத்தனை கரு கலைந்தது அல்லது கலைக்கப்பட்டது. மகளிர் மருத்துவர்கள் கேஸ் ஷீட்டில் பழக்கத்தால் எழுதும் எழுத்துகள் இவை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறிவிடும். மூன்று வருஷத்துக்கு முன் நடந்த ஒன்று, இன்றைய கட்டி ஆபரேஷனின் சம்மரியில் 'ஜி1 ஏ1' என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த சம்மரி இல்லாமல் க்ளெய்ம் நகராது.

கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்ளும் ரீஇம்பர்ஸ்மென்ட் இன்னும் மோசம். படிவத்தின் முதல் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியவர் பாலிசிதாரர். பணம் போய்ச் சேர்வதும் அவருடைய பேங்க் அக்கவுன்ட்டுக்கு. இத்தனைக்கும் அதே படிவத்தில், சிகிச்சை பெற்றவரின் முகவரி, போன், மெயில் ஆகியவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. 'மேலே உள்ளதிலிருந்து மாறுபட்டால்' என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, அந்த எண்ணுக்கு மட்டும் தகவல் அனுப்பும் ஏற்பாடு செய்யவில்லை. ஒரு விதிமுறை போதும், அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்றையும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரகசியமாகக் கருக்கலைப்புக்குப் போகிறவர்கள் அப்பாவின் பாலிசியை நினைத்துப் பயப்படத் தேவையே இல்லாமல் இருக்கலாம். பிரசவ வசதி சேர்க்காத சாதாரண பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் மகப்பேறு, விபத்தினால் அல்லாத கருச்சிதைவு, சட்டப்படியான கருக்கலைப்பு எல்லாம் உண்டு. க்ளெய்ம் போட்டாலும் வராது. போடாமலே இருந்துவிடலாம். இப்படி ஒதுக்கிவைத்தது நியாயமா என்றால், இல்லை. சட்டம் அனுமதித்த சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயருக்குப் பதில் எண்

அரசாங்கத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் 2003-ல் வந்த ஒழுங்குமுறைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கருக்கலைப்புக்கு வரும் பெண்ணின் பெயர் ஒரே ஒரு ரெஜிஸ்டரில்தான் இருக்க வேண்டும். அது ரகசிய ஆவணம். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டர், ஃபாலோ-அப் கார்டு எதிலும் பெயர் கூடாது, வரிசை எண் மட்டும்தான். அவள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தைக் கவரில் போட்டு, ஒட்டி, 'ரகசியம்' என்று எழுதிப் பூட்டிவைக்க வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து ஐந்து வருஷம் கழித்து ரெஜிஸ்டரையே அழித்துவிட வேண்டும். 2021-ல் சட்டத்தைத் திருத்தியபோது இன்னும் இறுக்கினார்கள். 5ஏ பிரிவின்படி, பெண்ணின் பெயரையோ விவரத்தையோ வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதுவும் வேண்டாம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதிசெய்தது. 25 வயதான, மணமாகாத பெண் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்று மேலே போன வழக்கு அது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அடங்கிய அமர்வு, 24 வாரம் வரையிலான சலுகையில் மணமானவர் - ஆகாதவர் என்று பிரிப்பது செல்லாது என்றது. குடும்பத்தின் சம்மதம் கொண்டுவா, அந்தக் காகிதம் கொண்டுவா என்று சட்டத்தில் இல்லாததை மருத்துவர்கள் கேட்பதையும் கண்டித்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் நிலைமை வேறு. காப்பாளரின் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டப்படி போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த இடத்திலும், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு வழிவிட்டது.

இவ்வளவும் கருக்கலைப்புக்கு மட்டும். மற்ற மகளிர் நோய்களுக்கு இப்படி ஒரு கவரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

வெளியே பேசக் கூசும் பெண்கள் நலத்தைப் பற்றிய அக்கறை மும்பைக்குப் புதிதும் அல்ல. 1949-ல் பம்பாயில் தொடங்கிய இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை வளர்த்தவர்கள் இருவர். ஒருவர், சென்னை ராணி மேரி கல்லூரியில் பாடம் நடத்திய தன்வந்தி ராமா ராவ். மற்றவர், கொழும்பில் பிறந்த ஆவாபாய் வாடியா. அந்தப் பேச்சை எடுப்பதே கூச்சமாக இருந்த காலத்தில் க்ளினிக்குகளைத் திறந்தவர்கள் அவர்கள்.

அப்பாவுக்கும் ஒரு நியாயம் உண்டு

பிரீமியம் கட்டுவது அப்பா. ஃபேமிலி ஃப்ளோட்டர் என்றால் ஐந்து லட்சத்தை நான்கு பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மகளுக்கு எண்பதாயிரம் செலவாகியிருந்தால், பாட்டிக்கு நெஞ்சுவலி வரும்போது மிச்சம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இதை மறுக்க முடியாது. ஆனால் தொகை வேறு, நோய் வேறு. எண்பதாயிரம் செலவானது என்று சொல்லலாம். எதற்கு என்பதை அவள் சொல்லட்டும், அல்லது சொல்லாமல் இருக்கட்டும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் நமக்கு முன்பே வந்தது. அங்கே 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பாலிசிதாரருக்கு விளக்கக் கடிதம் போய்விடும். கலிஃபோர்னியா மாநிலம் 2015 முதல் இதற்கு ஒரு வழி செய்தது. பாலியல் நலம், மனநலம் போன்ற சிகிச்சைகள் பற்றிய கடிதங்களைத் தன் முகவரிக்கே அனுப்பும்படி சிகிச்சை பெறுபவர் கேட்கலாம், கம்பெனி மறுக்க முடியாது. 2022 ஜூலையிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், இந்த வகைச் சிகிச்சைத் தகவல்களைச் சம்பந்தப்பட்டவரின் அனுமதியில்லாமல் பாலிசிதாரருக்குத் தரவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தால் இதைச் செய்ய முடியாதா? 2024 மே மாதச் சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று கறாராக நேரம் குறித்தவர்கள் அவர்கள். 18 வயது நிரம்பியவரின் நோய் விவரம் அவருடைய எண்ணுக்கு மட்டும், பாலிசிதாரருக்குத் தொகை மட்டும் என்று ஒரு பத்தி சேர்ப்பது அதைவிடக் கடினமான வேலை அல்ல. 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோர் சார்பில்தான் பெற்றோரைப் பேச விடுகிறது. அதற்கு மேல் தரவு அவரவருடையது. மருத்துவத் தரவு கைநழுவினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் விஷயத்தில் பார்த்துவிட்டோம். 2024 செப்டம்பரில் அதன் வாடிக்கையாளர்களின் க்ளெய்ம் காகிதங்களும் மருத்துவ ரிப்போர்ட்டுகளும் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

விதி வரும் வரை

கைனக்கைப் பார்க்கப் போகும்போது ரெஜிஸ்ட்ரேஷனில் உங்கள் போன் எண்ணைக் கொடுங்கள். பழைய கார்டு இருந்தால் அதில் அப்பாவின் எண் இருக்கும், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருவது அந்த எண்ணுக்குத்தான். பல குட்டுகள் வெளிப்படுவது இன்சூரன்ஸால்கூட அல்ல, இந்த எண்ணால்தான். வீட்டில் எல்லாரும் ஒரே ஐடியில் மருந்து ஆர்டர் செய்யும் ஆப்பில் ப்ரிஸ்கிரிப்ஷனை ஏற்ற வேண்டாம். அப்பாவும் நீங்களும் சேர்ந்து வைத்திருக்கும் அக்கவுன்ட்டிலிருந்து ஜி.பே. செய்ய வேண்டாம், நோட்டாகக் கொடுங்கள். கர்ப்பிணிக்கு சோனோகிராஃபி செய்தால் 'எஃப்' படிவம் நிரப்பியே ஆக வேண்டும், அதில் கணவர் அல்லது தந்தை பெயர் கேட்பார்கள். பயப்படாதீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுப்பதற்கான காகிதம் அது. அதிகாரிகளிடம் போகும், உங்கள் வீட்டுக்கு வராது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தால், கார்டை நீட்டும் முன் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். இந்த அட்மிஷனுக்குச் சம்பந்தமில்லாத பழைய விஷயம் சம்மரியில் தேவையா என்று கேளுங்கள். ஆனால் படிவத்தில் பொய் எழுதவோ எழுதச் சொல்லவோ வேண்டாம். அது பின்னால் முழு பாலிசியையும் கவிழ்த்துவிடும். திட்டமிட்டுச் செய்யும் சின்னச் சிகிச்சை என்றால் கோவண்டி சதாப்தி, சயான் மாதிரி மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் செலவு மிகக் குறைவு, இன்சூரன்ஸே வேண்டியிருக்காது. கூட்டமும் காத்திருப்பும் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரே வாய்விட்டால் மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

வேலைக்குப் போனதும் செய்ய வேண்டியது, சொந்தமாக ஒரு பாலிசி. அப்பாவின் பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலத்தை, அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு முறைப்படி மாறும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கல்யாணமாகிக் கணவரின் கம்பெனி பாலிசிக்குள் போனாலும் மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும், அப்பா என்ற இடத்தில் கணவர் என்று மாற்றிப் படித்தால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இத்தனை எச்சரிக்கையையும் ஓரம் கட்டிவிட வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலி, தலைசுற்றல், தோள்பட்டையில் காரணமில்லாத வலி. கரு, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும், சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். பிரசவத்தைக் கவர் செய்யாத பாலிசிகளின் விலக்குப் பட்டியல்கூட இதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது, இதற்குப் பணம் உண்டு. ரூம்மேட்டை எழுப்புங்கள், 108-ஐ அழையுங்கள், எந்த ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறதோ அங்கே போய்க் கார்டை நீட்டுங்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதை வார்டுக்கு வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.